டெராஃப்ளாப்ஸ் கணக்கை நம்பி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

குடியாத்தத்தில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒன்பதாம் தலைமுறை ஐ5, 32 ஜிபி ராம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1660 கார்டு வைத்திருக்கிறேன். டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே டைம்லைனில், படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் ஜிபியு மெமரி நிறைந்துவிட்டது என்று நின்றுவிடுகிறது. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி வாங்குவதா, ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி வாங்குவதா? 4060க்கு 15.1 டெராஃப்ளாப்ஸ், 3060க்கு 12.7 என்று போட்டிருக்கிறது. கடைக்காரரோ உங்களுக்கு 3060தான் சரி என்கிறார். பழைய ஸ்டாக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறாரா?"

இல்லை. உங்கள் வேலைக்கு அவர் சொன்னதுதான் சரி. ஏன் என்று சொல்கிறேன், அடுத்த முறை யார் எந்த எண்ணைக் காட்டினாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கார்டு ஒரு நொடியில் எத்தனை லட்சம் கோடி தசம எண் கணக்குப் போடும் என்பதுதான் டெராஃப்ளாப்ஸ். அது யாரும் ஓட்டிப் பார்த்து அளந்த எண் இல்லை. வெறும் பெருக்கல். கார்டின் சிப்பில் கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்தான் கோர்கள். அவற்றின் எண்ணிக்கையை 2ஆல் பெருக்கி, அதைக் கடிகார வேகத்தால் பெருக்கினால் வந்துவிடும். ஒரு கோர் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் சேர்த்துச் செய்யும் என்பதால் அந்த 2. 3060இல் 3584 கோர், 1.777 கிகாஹெர்ட்ஸ்: 12.7. 4060இல் கோர் குறைவு, 3072தான். ஆனால் வேகம் 2.46 கிகாஹெர்ட்ஸ், அதனால் 15.1. எல்லா கோரும் எல்லா நொடியும் ஓய்வே இல்லாமல் ஓடினால் எட்டக்கூடிய உச்சவரம்பு இது. நிஜ வேலையில் அப்படி ஓடுவதே இல்லை.

தலைமுறை மாறினால் இந்த எண் இன்னும் ஏமாற்றும். 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐக்கு 13.4 டெராஃப்ளாப்ஸ். 2020இல் வந்த 3070க்கு 20.3. காகிதத்தில் ஒன்றரை மடங்கு. விளையாட்டில் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 3070இல் பாதி கோர்கள் முழு எண் கணக்கையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அந்த வேலை வரும்போது தசம எண் கணக்கு காத்து நிற்கும். பெருக்கல் வாய்பாட்டில் அது தெரியாது.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருவோம். கல்யாணப் பந்தி நீங்கள் பார்க்காததா? பரிமாற நூறு பேர் நின்றாலும், சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாளி வெளியே வரும் வாசல் ஒடுக்கமாக இருந்தால் இலை காலியாகத்தான் கிடக்கும். பரிமாறுகிறவர்கள்தான் கோர்கள். வாசல், மெமரி பேண்ட்வித், அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு மெமரியிலிருந்து கோர்களுக்குப் போகும் என்பது. இதற்கும் கணக்கு எளிது: பஸ் அகலத்தை (ஒரே தடவையில் எத்தனை பிட் போகும் என்பதை) மெமரி வேகத்தால் பெருக்கி 8ஆல் வகுக்க வேண்டும். 3060க்கு 192 பிட், 15 ஜிகாபிட்: நொடிக்கு 360 ஜிபி. 4060க்கு 128 பிட், 17 ஜிகாபிட்: 272 ஜிபி. புதுக் கார்டின் வாசல்தான் சிறியது. அதை ஈடுகட்ட 4060க்கு 24 எம்பி எல்2 கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக மெமரி, கொடுத்திருக்கிறார்கள், 3060க்கு 3 எம்பிதான். பந்தி ஓரமாகவே ஒரு மேசை போட்டு வாளிகளை வைத்துக்கொள்வது போல. விளையாட்டுக்கு அது நன்றாகவே உதவுகிறது. 1080பியில் விளையாட மட்டும் கார்டு தேடும் கல்லூரிப் பையன் கேட்டிருந்தால் 4060 என்றே சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு இடிப்பது வேறு இடத்தில். 4கே ஃபிரேம் ஒன்று 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல். ரிசால்வ் உள்ளுக்குள் 32 பிட் தசமத்தில் கணக்கிடுகிறது. பிக்சலுக்கு நான்கு சேனல், சேனலுக்கு 4 பைட் என்றால் ஒரே ஃபிரேம் 133 எம்பி. டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஃபிரேம் பார்த்தால் ஐந்து ஃபிரேம், 660 எம்பிக்கு மேல். இது ஒரே ஒரு படிக்கு. அதன் மேல் கலர் நோட் நாலு, ஸ்லோமோஷனுக்கு இடைப்பட்ட ஃபிரேம்களை உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ, விண்டோஸும் மானிட்டரும் எடுத்துக்கொள்ளும் பங்கு. உங்கள் 6 ஜிபி ஏன் திணறுகிறது என்று இப்போது புரியும். 8க்குப் போனால் கொஞ்சம் மூச்சு விடலாம், அவ்வளவுதான். 12க்குப் போனால் வேலை நிற்காது. பாதியில் நின்றுபோன ரெண்டருக்கு டெராஃப்ளாப்ஸ் எத்தனை இருந்து என்ன பயன்?

இன்னொன்றும் இருக்கிறது. கார்டின் மெமரி நிறைந்தால் மிச்சத்தை உங்கள் ராமில் வைத்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாக எடுத்துவரப் பார்க்கும். உங்கள் போர்டு பிசிஐஇ 3.0. 4060க்கு அந்தப் பாதையில் 8 லேன் (தடம்)தான், அதனால் நொடிக்கு 8 ஜிபிக்கும் குறைவு. 3060க்கு 16 லேன், அதில் இரட்டிப்பு. இடம் குறைந்த கார்டுக்கே பாதையும் குறுகல்.

4060 பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மின்சாரம். அது 115 வாட், 3060 170 வாட். அக்னி நட்சத்திரத்தில் நம் வேலூர்ப் பக்கம் 40 டிகிரி தாண்டும்போது இந்த 55 வாட் சின்ன விஷயம் இல்லை. மாடியில் ஓட்டுக்கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி வைத்த கேபினட்டில் 3060 சுமார் 83 டிகிரியைத் தொட்டதும் கடிகாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் மே மாத மதியத்தில் கிடைக்காது. முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் நல்ல தயாரிப்பாக 550 வாட் இருக்கட்டும்.

கேமராவில் 10 பிட் 4:2:2 எச்.265 என்ற, நிறத் தகவல் கூடுதலாக உள்ள வடிவில் எடுக்கிறீர்களா என்றும் பாருங்கள். எடுத்தால் இந்த இரண்டு கார்டுமே அதை வன்பொருளில் டீகோட் செய்யாது, உங்கள் ஐ5இன் உள் கிராஃபிக்ஸும் செய்யாது. பிராக்ஸி, அதாவது எளிதாக ஓடும் இலகுவான நகல் போட்டுத்தான் எடிட் செய்ய வேண்டும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது.

வாங்கும்போது மட்டும் கவனம். பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே சரக்கு வேறாக இருக்கும். 3060இலேயே 8 ஜிபி கார்டு ஒன்று உண்டு. கோர் எண்ணிக்கை அதே 3584, டெராஃப்ளாப்ஸும் அதே. ஆனால் பஸ் 128 பிட், பேண்ட்வித் 240 ஜிபி. ஜிடி 1030 என்ற சின்னக் கார்டில் இது இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 மெமரி உள்ள வகைக்குப் பேண்ட்வித் 48 ஜிபி, டிடிஆர்4 மெமரி உள்ள வகைக்கு 16.8 ஜிபி, இரண்டு பெட்டியிலும் ஒரே பெயர். ஆகவே வேலூரில் வாங்கினாலும் சரி, காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, பணம் கொடுக்கும் முன் கார்டை அங்கேயே மாட்டச் சொல்லி கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெமரி அளவு 12288 எம்பி, பஸ் அகலம் 192 பிட் என்று இரண்டு வரிகளும் இருந்தால் வாங்கலாம். பில்லில் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.