டிஸ்னிலாண்ட் வாசலில் அறை எடுத்தால் விசா கிடைக்குமா?

கேள்வி: ஆகஸ்டில் பிள்ளைகளைப் பாரிஸ் டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிப்போக இருக்கிறோம். நான், கணவர், மாமி, 11, 8, 2 வயதில் மூன்று பிள்ளைகள். மச்சாள் பாரிஸ் புறநகர் லா கூர்நெவ்வில் இருக்கிறா, தன்னோடு வந்து நிற்கச் சொல்கிறா. ஆனால் இங்கே ஏஜென்சிக்காரர், "பூங்காவுக்குள்ளேயே ஹோட்டல், ஐந்து இரவுப் பக்கேஜ், அதை எடுத்தால் விசா சுகமாக வரும்" என்கிறார். காசு இப்பவே கட்டவேண்டுமாம், திருப்பித் தரமாட்டாராம். என்ன செய்வது?
– கொக்குவில் வாசகி

பதில்: முதலில் காசைக் கட்டாதீர்கள், தங்கச்சி. மற்றதை ஆறுதலாகக் கதைக்கலாம்.

ஹோட்டலையும் விசாவையும் சேர்த்து அவர் போடுகிற முடிச்சு வெறும் கதை. எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், உண்மைதான். அது விலை கூடிய ஹோட்டலா என்று ஒருவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. இலவசமாக இரத்துச் செய்யக்கூடிய முன்பதிவே போதும். உங்கள் பெயரில், உங்கள் வங்கி அட்டையில், ஆறு பேரின் பெயரும் விழும்படி நீங்களே செய்யுங்கள். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பி வராது: பெரியவருக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12க்குள் 45, அதற்குக் கீழே இலவசம். உங்களுக்கு மொத்தம் 360 யூரோ, சேவைக் கட்டணம் வேறு. வாங்குகிற கையோடு ஒரு விளக்கமாவது ஒழுங்காகச் சொல்வார்களா என்றால், ஒரு படிவத்தில் பெட்டிக்குள் கீறிய ஒரு சரி அடையாளந்தான் வரும். அந்தக் காசோடு ஐந்து இரவு ஹோட்டல் காசையும் சேர்த்து ஏன் பணயம் வைக்கவேண்டும்?

இன்னொரு வகை ஆட்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஒரு புக்கிங் தாளை அடித்துக் கையில் தந்துவிட்டு, நீங்கள் கொழும்புக்கு பஸ் ஏற முதலே அதை இரத்துச் செய்துவிடுவார்கள். தூதரகம் ஹோட்டலுக்கு ஒரு அழைப்பு எடுத்தால் முடிந்தது. கெட்டுப்போவது உங்கள் பெயர், அவருடையதல்ல. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் தாளில் ஐந்து பேருக்குப் பதில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அதற்கும் காசு வாங்கியிருந்தார்.

"பூங்காவுக்குள்ளே" என்பதையும் நம்பாதீர்கள். வாசலோடு ஒட்டினபடி இருப்பது ஒரே ஒரு ஹோட்டல், விலையும் அதற்கேற்ற விலை. மற்றவைக்கு நடக்கவேண்டும் அல்லது பஸ் எடுக்கவேண்டும். அங்கே பெரும்பாலான அறைகள் நான்கு பேருக்கு. கைக்குழந்தைக்குத் தொட்டில் போடலாம், ஆனாலும் நீங்கள் ஐந்து பேர் மிஞ்சுகிறீர்கள். ஆக இரண்டு அறை, ஐந்து இரவு. ஏஜென்சிக்காரர் சொன்ன விலை எத்தனை அறைக்கு என்று கேட்டுப் பார்த்தீர்களா? டிஸ்னி ஹோட்டலில் நின்றால் காலையில் மற்றவர்களுக்கு முந்தி உள்ளே விடுவார்கள், அது நல்ல சலுகைதான். இரண்டு வயதுப் பிள்ளையையும் மாமியையும் வெளிக்கிடுத்தி எட்டு மணிக்கு வாசலில் நிற்கிற வீடு உங்களுடையது என்றால் எடுங்கள்.

டேவி குரொக்கெட் ராஞ்ச் என்று மரவீடுகள் இருக்கின்றன, ஆறு பேர் படுக்கலாம், சமையலறையும் உண்டு. ஆனால் அங்கிருந்து பூங்காவுக்கு பஸ் இல்லை. மச்சாளின் வீட்டுக்காரர் காரோடு வந்து நிற்பாரா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அதை மறந்துவிடுங்கள்.

மச்சாள் வீட்டிலிருந்து தினமும் போய்வரலாமா? ஆர்இஆர் என்கிற புறநகர் ரயிலில் பி பாதையை எடுத்து, பாரிஸ் நடுவில் ஷத்லே நிலையத்தில் ஏ பாதைக்கு மாறி, கடைசித் தரிப்பிடத்தில் இறங்கினால் வாசல் முன்னால். ரிக்கெற் 2025 ஜனவரியிலிருந்து இரண்டரை யூரோ அளவுதான். ஆகவே "ட்ரான்ஸ்பர்" விற்பவரிடமும் ஏமாறாதீர்கள். ஒரு வழிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். ஆகஸ்டில் இருட்டவே நேரம் செல்லும், வாணவேடிக்கை அதற்குப் பிறகு. தூங்கின பிள்ளையைத் தோளில் போட்டு, கால் நோகிற மாமியோடு நடுச்சாமத்தில் ஷத்லேயில் படி ஏறி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். கோடையில் தண்டவாள வேலை என்று பாதையை மூடுவதும் உண்டு.

என் சொல்: மச்சாள் வீட்டில் நில்லுங்கள். பூங்காவுக்கு மட்டும் இரண்டு இரவு, ஒரு தரிப்பிடம் முந்தி இருக்கிற வல் தெரோப் பக்கம், குசினியுள்ள இரண்டறை அப்பாட்மென்ற் எடுங்கள். இரவில் சோறும் பருப்பும் வைத்தால் பிள்ளைகளும் சாப்பிடும், மாமியும் சாப்பிடுவா.

ஒன்றே ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். உறவினர் வீட்டில் நிற்பதற்கு மச்சாளின் வாட்ஸ்அப் அழைப்போ, கையால் எழுதின கடிதமோ செல்லாது. அவ தன் ஊர் நகரசபையில், அங்கத்தைய ஆட்கள் மேரி என்பார்களே அங்கே, 'அத்தெஸ்தாசியோன் டக்கை', அதாவது உங்களைத் தன் வீட்டில் வைத்திருப்பதற்கான உறுதித் தாள், எடுக்கவேண்டும். 30 யூரோ முத்திரை, மறுத்தாலும் அது போனது போனதுதான். வீட்டின் அளவையும் வருமானத்தையும் பார்ப்பார்கள். அதில் உங்களையும் கணவரையும் மூன்று பிள்ளைகளையும் ஒரே தாளில் போடலாம். மாமி அதில் அடங்கமாட்டா! அவவுக்குத் தனித் தாள், தனி 30 யூரோ. மகள் வீட்டுக்குப் போகிற தாய்க்கு ஏன் வேறு தாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டுக் களைத்தவன் நான். மூலத்தாள்தான் இங்கே வந்து சேரவேண்டும், படம் எடுத்து அனுப்பினால் போதாது. அப்பாட்மென்றில் நிற்கிற இரண்டு இரவின் முன்பதிவையும் அதோடு வையுங்கள், திகதிகள் இடைவெளி இல்லாமல் பொருந்தவேண்டும்.

விண்ணப்பத்தை ஆறு மாதம் முந்தியே போடலாம். மச்சாளை இந்தக் கிழமையே மேரிக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள். யூலை பிறந்தால் அங்கே பாதிப்பேர் லீவில் போய்விடுவார்கள்.