மொட்டை மரமும் பனித் தடமும்: குளிர்காலக் கேள்வி பதில்

வீட்டுக்கு அருகிலேயே மரம், பறவை, விலங்குகளைக் கவனிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, இலையெல்லாம் கொட்டிவிட்டது. மொட்டையாக நிற்பது என்ன மரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இலை இல்லாதபோதுதான் சுலபம் என்பது என் கட்சி. கைக்கு எட்டும் ஒரு குச்சியைப் பிடித்து, மொட்டுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள். இரண்டிரண்டாக எதிரெதிரே இருந்தால் மேப்பிள், ஆஷ், குதிரைச் செஸ்நட் என்று கொஞ்சம் மரங்கள்தான் மிஞ்சும். மாறி மாறி இருந்தால் ஓக், பீச், பிர்ச் என்று பட்டியல் நீளும்.

அப்புறம் மொட்டின் வடிவம். பீச் மொட்டு ஒல்லியாக, கூர்முனையோடு நீண்டிருக்கும். ஓக் குச்சியின் நுனியில் மொட்டுகள் கொத்தாக நிற்கும். குதிரைச் செஸ்நட் மொட்டைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அதற்குக் கீழே, உதிர்ந்த இலைக்காம்பின் தழும்பு லாட வடிவில் தெரியும். தழும்புக்குள் வளைவாகச் சில புள்ளிகள். இலைக்குத் தண்ணீர் கொண்டுபோன குழாய்கள் அறுந்த இடம் அது.

அதே குச்சியில் நுனியிலிருந்து பின்னால் வந்தால், குச்சியைச் சுற்றி நெருக்கமான வளையக் கோடுகள் இருக்கும். வசந்தத்தில் நுனிமொட்டு விரிந்தபோது அதன் செதில்கள் உதிர்ந்த அடையாளம். அந்த வளையத்திலிருந்து நுனிவரை உள்ளது கடந்த பருவத்தின் வளர்ச்சி. ஒரு குச்சியில் அது சாண் நீளம் இருக்கும், அதே மரத்தின் நிழல் பக்கத்தில் விரல்நகம் அளவுகூட இருக்காது. மரத்தின் நாட்குறிப்பை ஓசியில் படிக்கலாம்.

என் கன்று பட்டுப்போய்விட்டதா, தூங்குகிறதா?

பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் அந்தக் குச்சிக்கு உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால் இன்னும் அடியில் தள்ளிச் சுரண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓக் மரத்தில் காய்ந்த இலைகள் விழாமலே தொங்குகின்றன. நோயா?

நோயில்லை. மற்ற மரங்கள் இலைக்காம்பின் அடியில் வெட்டுப்படலம் ஒன்றை உருவாக்கி இலையைக் கழற்றிவிடும். ஓக், பீச் மரங்களில், குறிப்பாக இளம் மரங்களிலும் தாழ்ந்த கிளைகளிலும், அந்த வேலை வசந்தம் வரை பாதியிலேயே நிற்கும்.

பனிக்கட்டி மேல் வாத்து வெறுங்காலோடு நிற்கிறதே சார், கால் உறையாதா?

காலுக்கு இறங்கும் சூடான ரத்தக் குழாய்களும் உடம்புக்கு ஏறும் குளிர்ந்த ரத்தக் குழாய்களும் ஒட்டியே ஓடுகின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் பாதம் உறைநிலைக்குச் சற்று மேலேயே இருக்கும், உடம்பின் சூடும் வீணாகாது. கீழ்க்காலில் சதை அதிகம் இல்லை, பெரும்பாலும் எலும்பும் தசைநாரும்தான். போதாததற்கு ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொள்ளும்.

காலையில் சின்னக் குருவி ஒன்று உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உடம்பு சரியில்லையோ?

இறகுகளைத் தூக்கி, இடையில் காற்றை அடைத்துக் குளிரைத் தடுக்கிறது. நீங்கள் நெருங்கியதும் பறந்ததா? அப்படியானால் கவலை வேண்டாம். நண்பகலிலும் உப்பியபடியே, ஆள் வந்தாலும் அசையாமல் கண் சொருகி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பட்டாணிக் குருவிக்கு உறவான, வட அமெரிக்காவில் வாழும் கருந்தொப்பிச் சிக்கடி என்ற சிறு பறவை, குளிர் இரவில் தன் உடல் வெப்பத்தையே 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் இறக்கிக்கொள்ளும். அப்படிச் செய்தால் இரவில் செலவாகும் சக்தி குறையும்.

பனியில் கிடக்கும் தடம் முயலா, அணிலா?

முன்கால்களைப் பாருங்கள். சின்னத் தடங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் அணில். ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் முயல். இரண்டுமே தாவும்போது பின்கால்கள் முன்கால்களைத் தாண்டித்தான் விழும். ஆகவே பெரிய தடங்கள் இருக்கும் பக்கம்தான் போன திசை. இது தெரியாமல் தடத்தை எதிர்ப்பக்கமாகத் தொடர்ந்து போகிறவர்கள் நிறையப் பேர். அணில் தடம் மரத்தடியில் போய் முடிந்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

தடம் கலைந்திருந்தால் கடிபட்ட குச்சியைத் தேடுங்கள். முயல் கடித்தது கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக, சுத்தமாக இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. இழுத்துப் பிய்ப்பதால் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும்.

பறவைகளுக்கு ரொட்டி போடலாமா?

வேண்டாம். வயிறு நிரம்பும், சத்து இருக்காது. சூரியகாந்தி விதை நல்லது. தீனியைவிடத் தட்டின் சுத்தம் முக்கியம். ஒரே தட்டில் கூட்டமாகத் தின்னும்போது எச்சம் வழியே நோய் பரவும். நோயுற்ற பறவை கண்ணில் பட்டால் தட்டை எடுத்துக் கழுவி, கொஞ்ச காலம் தீனி வைப்பதை நிறுத்திவிடுங்கள். தட்டை ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள். அங்கிருந்து கிளம்பும் பறவை கண்ணாடியில் மோதினாலும் வேகம் குறைவாக இருக்கும். உறையாத தண்ணீர் ஒரு தட்டில் வைத்தால் தீனிக்கு வராத பறவைகளும் வரும்.

எங்கள் பக்கம் பனியே விழாது. நாங்கள் எதைப் பார்ப்பது?

உங்களுக்குத்தான் விருந்தாளிகள் வருகிறார்களே! வடக்கே குளிரைத் தாங்காத வாலாட்டிக் குருவிகளும் கதிர்க்குருவிகளும் வெப்பமான இடங்களுக்கு இறங்கிவிடும். ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்டால், மேலே அண்ணாந்து பார்க்காதீர்கள். அது புதரடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்.

தோட்டத்துச் சருகைக் கூட்டி எரித்துவிடலாமா அண்ணா?

எரிக்காதீர்கள். கூட்டுப்புழுவும் வண்டும் அதற்குள்தான் குளிரைக் கழிக்கின்றன. நடைபாதையை மட்டும் கூட்டினால் போதும்.

நான் பார்ப்பதை யாருக்காவது பயன்படும்படி செய்ய முடியுமா?

முடியும். 1998-இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். காகத்தையும் புறாவையும் "இதெல்லாம் ஒரு பறவையா" என்று விட்டுவிடாதீர்கள். ஒரே கூட்டம் திரும்பத் திரும்ப வந்தால் கூட்டிக்கொண்டே போகவும் வேண்டாம். உறுதியாகத் தெரியாத பறவைக்குப் பெயரைச் சூட்டாமல் "வகை தெரியாத கதிர்க்குருவி" என்றே எழுதுங்கள். அதற்கும் அங்கே இடம் உண்டு.