பியூக்கடா தீவின் மரக் கட்டடத்துக்குள் போகலாமா?

கேள்வி: குடும்பத்துடன் துருக்கிக்குச் செல்லவிருக்கிறோம். இஸ்தான்புல்லுக்கு அருகில், பியூக்கடா தீவில், ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய மரக் கட்டடம் பாழடைந்து நிற்பதாகப் படித்தேன். உள்ளே நுழைந்து சிலர் எடுத்த காணொளிகளையும் பார்த்தேன். நாங்களும் உள்ளே போகலாமா? அதை ஏன் இன்னும் பழுதுபார்க்கவில்லை?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: போகக் கூடாது. அனுமதியும் இல்லை, தரையை நம்பவும் முடியாது. ஆளில்லாத மரக் கட்டடத்தில் முதலில் கெடுவது கூரை. ஓடு விலகிய இடத்தில் இறங்கும் மழைநீர், சுவருக்குள் செருகப்பட்ட உத்திரங்களின் முனைகளில் தங்கிவிடும். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடித்து, மேலே பலகை உறுதியாகத் தெரியும்போதே அடியில் தாங்கும் மரம் உளுத்திருக்கும். காணொளி எடுத்தவர்கள் திரும்பி வந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம். அதைத் தரையின் உறுதிக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை அதன் வரலாற்றில் இருக்கிறது. ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலை நடத்திய நிறுவனத்துக்காக, அலெக்ஸாந்தர் வல்லோரி என்ற கட்டடக் கலைஞர் 1898–99இல் இதை ஓட்டலாகக் கட்டினார். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அனுமதி மறுத்துவிட்டதால் ஓட்டல் திறக்கப்படவே இல்லை. கிரேக்க வங்கியாளர் குடும்பத்தைச் சேர்ந்த எலெனி ஸரிஃபி இதை வாங்கி, இஸ்தான்புல்லில் உள்ள கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைமையிடம் ஒப்படைக்க, 1903இல் அநாதைக் குழந்தைகளின் இல்லமாயிற்று. 1964இல் அரசு அதை மூடியது. 1980இல் ஒரு தீ விபத்து வேறு. பிறகு கட்டடம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று, 2010இல்தான் திருச்சபைக்குத் திரும்பக் கிடைத்தது. உரிமை உறுதியாகாத வீட்டுக்கு யார் ஓடு மாற்றுவார்கள்? தீயைவிட அந்த இழுபறிதான் அதிகக் கேடு செய்தது என்பது என் கருத்து. 2018இல், ஐரோப்பாவில் பேரழிவை எதிர்நோக்கும் ஏழு பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இது இடம்பெற்றது.

சீரமைப்பு என்பது வண்ணம் பூசுவதன்று. முதலில் தற்காலிகக் கூரை போட்டு, சாய்ந்த பகுதிகளுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மரத்தையும் சோதித்து எண்ணிட்டு, உளுத்த முனையை மட்டும் வெட்டி, அதே இன மரத்தை ஒட்டுப்போட வேண்டும். இருநூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட கட்டடத்தில் இதற்கு ஆகும் செலவை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தீவுக்குப் படகில் சென்று, குன்றேறி, வேலிக்கு வெளியே நின்றே பாருங்கள். ஆறு தளங்களின் சன்னல் வரிசைகளும் இடிந்த கூரையும் அங்கிருந்தே தெரியும். மர வீடுகளை நெருங்கிப் பார்க்க விரும்பினால், நகருக்குள் ஸெய்ரெக் பகுதிக்குச் செல்லுங்கள். உலகப் பாரம்பரியத் தலமான அங்கே, சீரமைத்த வீடுகளையும் சீரமைப்புக்குக் காத்திருப்பவற்றையும் தெருவில் நடந்தபடியே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.