கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் பெரிய போட்டி வருமா? கேள்விகளும் பதில்களும்

விளையாட்டுப் போட்டிகளுக்கு வருகிறவர்களுக்குத் தங்குமிடமும் வண்டியும் ஏற்பாடு செய்வது என் தொழில். நீலாங்கரை முதல் மாமல்லபுரம் வரை உள்ள நம் கடற்கரைக்கு ஒரு பெரிய சர்வதேசப் போட்டி வருமா, வந்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கார்த்திக், திருவான்மியூர்: 2036 ஒலிம்பிக்ஸ் இந்தியாவுக்கு வந்தால் சென்னைக்கும் பங்கு கிடைக்குமா அக்கா?

முழுப் பந்தியும் நமக்கு இல்லை தம்பி. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கொடுக்கப்பட்டாயிற்று. 2036-க்கும் அந்த ஊரை முன்வைத்துத்தான் பேச்சு நடக்கிறது. ஆனால் ஒலிம்பிக்ஸ் முழுக்க ஒரே ஊரில்தான் நடக்க வேண்டும் என்று இப்போது கட்டாயம் இல்லை. 2024-ல் பாரிஸ் தன் அலைச்சறுக்குப் போட்டியை டஹீட்டித் தீவின் டீஹுப்போவில் நடத்தியது. நடுவில் 15,000 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். அதோடு பார்த்தால் அகமதாபாத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் உள்ள தூரம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தூரத்தை வைத்து நம்பிக்கை கொள்ளலாம், அலையை வைத்து முடியாது. டீஹுப்போ அலை உலகத்தின் பயங்கரமான அலைகளில் ஒன்று. மாமல்லபுரத்து அலை நல்ல அலை, ஆனால் அந்த ரகம் இல்லை. ஆசிய அளவுக்கும் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச் சுற்றுக்கும் அது போதும் என்பது நிரூபணமாகிவிட்டது. 2023 ஆகஸ்டில் தகுதிச் சுற்று ஒன்று இங்கே நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் நடந்தது, அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். என்னைக் கேட்டால், ஒலிம்பிக்ஸுக்கு ஏங்குவதை விட ஆகஸ்ட் என்றால் மாமல்லபுரம் என்று ஆசியாவே சொல்லும்படி வருடா வருடம் நடத்துவதே மேல்.

செல்வி, கோவளம்: மாடியில் மூன்று அறை வாடகைக்கு விடுகிறேன். போட்டி வரும் என்று நம்பி, கடன் வாங்கி இன்னும் இரண்டு அறை கட்டலாமா?

வேண்டாம்மா. பத்து நாள் போட்டிக்காகப் பத்து வருஷக் கடன் வாங்காதீர்கள். வழக்கமான சனி, ஞாயிறு கூட்டத்துக்கே அந்த அறைகள் நிறையும் என்று உங்கள் கணக்கு சொன்னால் கட்டுங்கள். போட்டியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தத் தொழிலில் அறை எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். வீரர்களையும் அதிகாரிகளையும் ஏற்பாட்டுக் குழு பெரிய ஹோட்டல்களில் மொத்தமாக பிளாக் செய்துவிடும். உங்களைப் போன்ற வீடுகளுக்கு வருகிறவர்கள் வேறு ஆட்கள்: வீரர்களின் பெற்றோர், தனிப் பயிற்சியாளர்கள், சின்னப் பத்திரிகைக்காரர்கள், கேமரா, விளக்கு, மேடை வேலைக்கு வரும் பையன்கள். கடைசி வகைதான் உங்களுக்கு நல்ல வாடிக்கை. போட்டிக்கு முன்பே வந்து, முடிந்த பிறகும் இருந்து பிரித்துக் கட்டுவார்கள். சுத்தமான பாத்ரூமும் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் சாப்பாடும் கிடைத்தால் வாடகையைப் பற்றி அதிகம் பேரம் பேச மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. மொத்தமாக அறை கேட்டு வரும் ஏஜென்ட்டிடம் முன்பணமும், எந்தத் தேதிக்குள் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கடைசி வாரத்தில் பாதி அறைகளைத் திருப்பிக் கொடுப்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். போட்டி என்றாலே கூட்டம், நெரிசல், விலை ஏற்றம் என்று பயந்து வழக்கமாக வருகிறவர்களும் அந்த நாட்களில் ஒதுங்கிக்கொள்வார்கள். லண்டன் ஒலிம்பிக்ஸ் நடந்த 2012 ஆகஸ்டில்கூட பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் எண்ணிக்கை முந்தைய ஆகஸ்டை விடக் குறைவாகத்தான் இருந்தது.

மாமல்லபுரத்தில் சிற்பக் கடை வைத்திருப்பவர்: செஸ் ஒலிம்பியாட் நேரத்தில் ஊரே ஜொலித்தது. ஆனால் என் கடைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன்?

நல்ல கேள்வி. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை அந்தப் போட்டி. ரஷ்யாவில் நடக்க வேண்டியது உக்ரைன் போரால் இடம் மாறி, நான்கு மாத அவகாசத்தில் நம்மிடம் வந்தது. பொதுப் பிரிவில் மட்டும் 180-க்கு மேற்பட்ட அணிகள். அப்படியிருந்தும் உங்கள் தெரு ஏன் காலியாக இருந்தது என்றால், அவர்களுடைய நேர அட்டவணையைப் பாருங்கள். பதினொரு சுற்றுகள், நடுவில் ஒரே ஒரு ஓய்வு நாள். ஆட்டம் மதியம் 3 மணிக்குத் தொடங்கும். காலையில் எதிராளியின் ஆட்டங்களைப் பார்த்துத் தயாராவார்கள். ஆட்டம் முடிந்து பஸ் ஏறும்போது இருட்டியிருக்கும். அர்ஜுனன் தபசைப் பார்க்கவே நேரம் இல்லாதவர்கள் பேரம் பேசிப் பிள்ளையார் வாங்குவார்களா?

அலைச்சறுக்குக் கூட்டம் வேறு மாதிரி. அலை சரியில்லாவிட்டால் அன்றைக்கு ஆட்டம் தள்ளிப்போகும். தோற்றவர்களும் விமான டிக்கெட் தேதி வரை ஊரில்தான் சுற்றுவார்கள். அவர்கள் வாங்குவது ஆளுயரச் சிலை இல்லை, பையில் போகிற அளவுள்ள கல். கடைக்காரர்கள் சங்கமாக ஒரு காரியம் செய்யலாம். ஏற்பாட்டுக் குழுவிடம் ஓய்வு நாள் தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அன்றைக்கு ஹோட்டல்களிலிருந்து ஊருக்குள் பஸ் விடச் சொல்லுங்கள். ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், உங்கள் தெரு என்று ஒரே சுற்று. இதற்கு யாரும் கோடி செலவழிக்க வேண்டாம்.

ரமணி, பாலவாக்கம்: எந்த மாதத்தில் நடத்தினால் சரியாக இருக்கும்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். தீவுத்திடலைச் சுற்றி நடக்க வேண்டிய ஃபார்முலா 4 தெருப் பந்தயம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் அடுத்த ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது. மே மாதத்து மணலில் வெறுங்காலோடு வாலிபால் ஆடச் சொல்வது பாவம். ஜனவரி, பிப்ரவரி வானிலை அருமைதான், ஆனால் அப்போது அறைகள் ஏற்கெனவே நிறைந்திருக்கும், அதோடு ஆமைகள் கரையேறும் காலம். மிச்சம் ஜூலை கடைசியும் ஆகஸ்டும். மாலையில் மழை வரலாம், வெயிலும் லேசுப்பட்டதில்லை. ஆனால் அலை நன்றாக இருக்கும், ஹோட்டல்கள் வெளிநாட்டுப் பயணிகள் இல்லாமல் காத்திருக்கும். காலியான மாதத்தை நிரப்புகிற போட்டிதான் ஒரு சுற்றுலா ஊருக்கு உண்மையான லாபம்.

மீனவர் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு தம்பி: போட்டி என்று சொல்லி எங்கள் படகையும் வலையையும் கரையிலிருந்து அப்புறப்படுத்திவிடுவார்களோ என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயமானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்தானே, அப்போது கரை காலியாக இருக்கும் என்று வெளியூர் ஏற்பாட்டாளர்கள் நினைத்துக்கொள்வார்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான், உங்கள் ஃபைபர் படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

டீஹுப்போவில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். நடுவர்கள் உட்காரப் பவளப்பாறை மேல் அலுமினியக் கோபுரம் கட்டத் திட்டம் போட்டார்கள். மீனவர்களும் அலைச்சறுக்கு வீரர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். கோபுரத்தை முழுதாக நிறுத்த முடியவில்லை, ஆனால் அளவைக் குறைக்க வைத்தார்கள். உங்கள் கை அவர்களுடையதை விட ஓங்கியிருக்கிறது, ஏனென்றால் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகை ஏறி ஜெயிக்கிற பையன்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மீட்புப் படகு, கடல் காவல் ஆட்கள், பயிற்சியாளர் வேலை இவற்றை ஊர்ப் பஞ்சாயத்து வழியாகவே கொடுக்க வேண்டும் என்று பேசுங்கள். படகு நிறுத்தும் இடத்தை வரைபடத்தில் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

வித்யா, பெசன்ட் நகர்: ஆமைகள்?

ஆகஸ்டில் நடத்தினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை இரவு விளக்கு போட்டுக் கடற்கரையில் போட்டி நடத்தினால் நானே எதிர்ப்பேன். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் பதில் சாலைப் பக்கம் போய்விடும்.

ஜான், பனையூர்: ஆசியக் கடற்கரை விளையாட்டுப் போட்டியையே கேட்டால் என்ன?

கேட்கலாம். 2008-ல் பாலி, 2010-ல் மஸ்கட், 2014-ல் புக்கெட், 2016-ல் டா நாங் என்று நடத்தியவை எல்லாம் கடலோர ஊர்கள்தான். கேட்க வேண்டியது மாநில அரசு தனியாக இல்லை, இந்திய ஒலிம்பிக் சங்கம் வழியாக ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலிடம். 2025 மே மாதம் டையூவில் முதல் கேலோ இந்தியா கடற்கரைப் போட்டி நடந்தது. அதை ஒரு முறை இங்கே நடத்திப் பார்ப்பதுதான் முறையான முதல் படி.

பாலியை மட்டும் மறக்காதீர்கள். அதைவிடப் பெயர்பெற்ற சுற்றுலாத் தீவு ஆசியாவில் உண்டா? அதே பாலி 2023 ஆகஸ்டில் நடத்த வேண்டிய உலகக் கடற்கரை விளையாட்டுப் போட்டியை ஒரு மாதத்துக்கு முன்னால் கைவிட்டது. அரசுப் பணம் வந்து சேரவில்லை. அதே வருடம் இஸ்ரேல் அணி வரக்கூடாது என்று பாலி ஆளுநர் சொன்னதையொட்டி, 20 வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக்கோப்பை இந்தோனேசியாவின் கையை விட்டு அர்ஜென்டினாவுக்குப் போனது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் காமன்வெல்த் போட்டியைச் சின்ன ஊர்களில் பரப்பி நடத்துகிறேன் என்று எடுத்துக்கொண்டு, செலவு மதிப்பீடு இரண்டு மடங்குக்கும் மேல் எகிறியதும் விலகிவிட்டது. கோயில், கடல், ஹோட்டல் எல்லாம் இருந்தும் கஜானா சாவி வேறு இடத்தில் இருந்தால் இதுதான் கதி.

பழைய டென்னிஸ் ரசிகர், நுங்கம்பாக்கம்: 1997 முதல் 2017 வரை நம்மிடம் இருந்த சென்னை ஓப்பன் 2018-ல் புனேவுக்குப் போனதே, அது மாதிரி ஆகாதா?

ஆகும் சார். போட்டி நடத்தும் உரிமம் ஊருடையது அல்ல, அதை வைத்திருக்கும் நிறுவனத்துடையது. அதிகச் சலுகை தரும் ஊருக்கு அது போகும். அரங்கம் நம்மிடமே இருந்ததால்தான் 2022-ல் பெண்கள் போட்டியை இங்கே கொண்டுவர முடிந்தது.

இளங்கோ, சோழிங்கநல்லூர்: செம்மஞ்சேரியில் விளையாட்டு நகரம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடாதா?

கட்டுவதற்கு நான் விரோதி இல்லை. 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் குளத்தில் பிள்ளைகள் இன்றும் பழகுகிறார்கள். ஆனால் தண்ணீர் தேங்கும் சதுப்புப் பக்கம் கான்கிரீட் போடும் முன் வெள்ளக் கணக்கைப் போட வேண்டும். சோழிங்கநல்லூர்க்காரரான உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரியான நான் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடற்கரைக்கோ நமக்குப் புது அரங்கமே தேவையில்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலிலிருந்து 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்பது தொல்லியல் சட்டம். பிரித்து எடுக்கக்கூடிய மேடை போதும்.

பிளஸ் டூ மாணவி, கானத்தூர்: வாலண்டியராகச் சேர என்ன படிக்க வேண்டும்?

தனியாகப் படிப்பு எதுவும் வேண்டாம் கண்ணு. 18 வயது ஆகியிருந்தால் போதும் என்பார்கள். ஆங்கிலத்தோடு இந்தியும் கொஞ்சம் தெரிந்தால் விமான நிலைய வேலை கிடைக்கும், நீச்சல் தெரிந்தால் கடற்கரை வேலை. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டு வை. பரீட்சை நேரத்தில் மட்டும் வராதே, அம்மா என்னைத்தான் திட்டுவார்கள்.