வாக்குமூலம் மூன்று பக்கம், கோர்ட்டில் நிற்பது ஒரு வரி

புதிதாகப் பணியில் சேர்ந்த எஸ்.ஐ. ஒருவரின் கேள்வி: செயின் பறிப்பு வழக்கில் பிடிபட்ட எதிரி (குற்றம் சாட்டப்பட்டவன்) எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். செயினை மாட்டுக் கொட்டகையில் புதைத்திருப்பதாகச் சொன்னான், போய்த் தோண்டி எடுத்துவிட்டோம். வாக்குமூலம் முழுவதும் வீடியோவில் இருக்கிறது. இது போதுமா? இனி வரும் வழக்குகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

வீடியோ இருப்பதாலேயே வாக்குமூலம் சாட்சியமாகிவிடாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்ற பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 25, 26 பிரிவுகள் இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவில் அப்படியே இருக்கின்றன. 2024 ஜூலை 1-க்குப் பிறகு எண்தான் மாறியிருக்கிறது, தடை போகவில்லை. பழைய 27-ஆம் பிரிவு அதே 23-இல் ஒரு வரம்புரையாக, அதாவது விதிவிலக்காக, உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான்: காவலில் இருக்கும் எதிரி சொன்ன தகவலால் ஒரு விஷயம் கண்டறியப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும்.

அந்தப் பகுதி எவ்வளவு? இதற்கு இன்றும் அளவுகோல் சென்னை மாகாணத்திலிருந்து, பிரிட்டிஷ் ஆட்சிக்கால இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போன புலுகூரி கொட்டய்யா வழக்குதான் (ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுப்பு, 1947). ஈட்டியையும் தடியையும் வைக்கோல் போரில் ஒளித்து வைத்தேன், வந்தால் காட்டுகிறேன் என்றது ஏற்கப்பட்டது. சேர்ந்து அடித்துக் கொன்றோம் என்றது தள்ளப்பட்டது. உங்கள் எதிரி "பஸ் ஸ்டாண்டில் பறித்த செயினைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கொட்டகைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே புதைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்" என்று சொன்னான் என்று வைத்துக்கொள்வோம். இதில் "பஸ் ஸ்டாண்டில் பறித்த" நிற்காது. மீதி நிற்கும். அது வாதியின் (புகார் கொடுத்தவரின்) செயின்தான் என்பதை வாதியின் அடையாளம் காட்டலில்தான் நிரூபிக்க வேண்டும்.

அதனால் அந்த ஒரு வரியை அவன் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். நம் ஸ்டேஷன் பாஷையில் "மேற்படி எதிரி மேற்படி சொத்தை ஆஜர்படுத்துவதாக" என்று எழுதினால், குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, இப்படித்தான் அவர் பேசினாரா என்பதாகத்தான் இருக்கும்.

அப்புறம் சாட்சிகள். நம் ஊர்ப் பழக்கத்தில் வி.ஏ.ஓ.வும் தலையாரியும். அதில் தப்பில்லை, ஆனால் வாக்குமூலம் எழுதி முடித்தபின் கொட்டகைக்கு நேராக வரச்சொல்லி மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் பதிவில்) மட்டும் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கைக் கவிழ்க்கிறது. எதிரி சொன்னதை அவர்கள் காதால் கேட்டிருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2022-இல் சுப்பிரமண்யா எதிர் கர்நாடக அரசு வழக்கில் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. புறப்பட்ட நேரம், போன வண்டி, முன்னால் நடந்து இடத்தைக் காட்டியது யார், தோண்டியது யார் என்பதெல்லாம் மகஜரிலும் பொது நாட்குறிப்பிலும் ஒன்றுபோல இருக்கட்டும். செயின் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அது கண்டறிதலே இல்லை. முதல் எதிரி காட்டிய இடத்தையே இரண்டாவது எதிரியையும் காட்டவைத்து இன்னொரு மகஜர் போடுவதும் அதனால் வீண் வேலை.

வீடியோவின் உண்மையான இடம் வேறு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவுப்படி சொத்தைக் கைப்பற்றுவது, பட்டியல் தயாரிப்பது, சாட்சிகள் கையெழுத்திடுவது எல்லாம் பதிவாக வேண்டும், தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கும் போக வேண்டும். வாக்குமூலத்தை மட்டும் எடுத்துவிட்டுத் தோண்டியதை எடுக்காமல் விட்டிருந்தால் அது தலைகீழ் வேலை. தோண்டிய பதிவு இருந்தால், அதை வாட்ஸ்அப்பில் வாங்கிய நகலாகக் கொடுக்காதீர்கள். ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் ஒரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். ஏட்டின் சொந்த போனில் எடுத்திருந்தால், அந்த போனை அவர் விற்பதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.