ஓதம் வடிந்தால் நெட்டும் வடிகிறதே, ஏன்?

வாசகர் கேள்வி – நிபுணர் பதில்

கேள்வி: கரையில் உள்ள கேபிள் ஆபரேட்டர் வீட்டு மாடியிலிருந்து, கொள்ளிடம் முகத்துவாரத்தை ஒட்டிய எங்கள் திட்டுக்கு நெட் கொண்டுவர 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ போட்டிருக்கிறோம். தூரம் 4 கி.மீ.; நடுவில் முழுக்க உப்பங்கழி. ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) ஏறி நிற்கும்போது நீர்மட்டத்திலிருந்து கரை டிஷ் 15 மீட்டர், திட்டு டிஷ் 12.5 மீட்டர் உயரம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை முக்கால் மணி நேரம் நெட் படுத்துவிடுகிறது. ரேடியோவையும் கேபிளையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கம்பத்தை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், பழையாறு

பதில்: உயர்த்தாதீர்கள், இறக்குங்கள். முதலில் ஒரு வாரம், நெட் நிற்கும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறதா? அப்படியானால் கோளாறு ரேடியோவில் இல்லை, தண்ணீரில். ஓதமும் அதே கணக்கில்தான் தள்ளிப்போகும். காற்றே இல்லாமல் கழி கண்ணாடி மாதிரி கிடக்கும் நாளில் தொல்லை அதிகமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

டிஷ்ஷிலிருந்து ஒரு அலை நேராகப் போகிறது. இன்னொன்று நீரில் பட்டுத் தெறித்துப் போகிறது. நீரில் படும்போது அது தலைகீழாகப் புரளும். ஆகவே தெறித்த அலை கூடுதலாகக் கடந்த தூரம் சரியாக ஒரு அலைநீளமோ இரண்டோ ஆகிவிட்டால், நேர் அலையும் அதுவும் ஒன்றையொன்று அடித்துவிடும். அந்தக் கூடுதல் தூரத்துக்குக் கணக்கு எளிது: இரண்டு உயரங்களையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, இடையிலுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5.2 செ.மீ. உங்கள் கணக்குப்படி ஓதம் ஏறியிருக்கையில் வித்தியாசம் 9.4 செ.மீ.; பிழைத்தோம். நீர் 70 செ.மீ. வடிந்தால் உயரங்கள் 15.7, 13.2 ஆகின்றன, வித்தியாசம் 10.4 செ.மீ., அதாவது அச்சாக இரண்டு அலைநீளம். அங்கேதான் படுக்கிறது.

திட்டுக் கம்பத்தை ஒரு மீட்டர் உயர்த்தினால் வற்றத்தில் சரியாகிவிடும், ஆனால் ஏற்றத்தில் 10.1 செ.மீ. வந்து அப்போது படுக்கும். நோய் நேரம் மாறுமே தவிரப் போகாது. ஒரு மீட்டர் இறக்கினால் 8.6-க்கும் 9.6-க்கும் நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கும். இரண்டு வேளையும் தப்பிக்கலாம். இறக்குமுன் ஒன்றைப் பாருங்கள்: பாதையின் நடுவில் நேர்க்கோட்டுக்குக் கீழே 4.3 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். 6 மீட்டர் அலையாத்தி மரம் இருந்தாலும் உங்கள் உயரத்துக்குப் பரவாயில்லை. பனையோ தென்னையோ குறுக்கே நின்றால் கம்பத்தைப் பக்கவாட்டில் நகர்த்துவதுதான் வழி. இலை ஈரமாகிவிட்டால் அதைத் துளைத்துக்கொண்டு 5 கிகாஹெர்ட்ஸ் போகாது.

கேள்வி: புதிதாகப் பொருத்தினோம். 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, இரண்டு பக்கமும் 23 டிபிஐ (டிஷ்ஷின் பலத்தின் அளவு) டிஷ், தூரம் 4 கி.மீ. சிக்னல் மைனஸ் 80 டிபிஎம்தான் (சிக்னல் வலிமையின் அளவு) காட்டுகிறது. எவ்வளவு வர வேண்டும்?
– ஒரு வாசகர், கிள்ளை

பதில்: மைனஸ் 61 சுமாருக்கு வர வேண்டும். இந்தியாவில் இந்த அலைவரிசையில் டிஷ்ஷின் பலத்தையும் சேர்த்து அனுமதி 36 டிபிஎம், அதாவது 4 வாட். 4 கி.மீ.யில் 120 டிபி கரைகிறது. எதிர் டிஷ் 23 திருப்பிக் கொடுக்கிறது. நீங்கள் 19 டிபி குறைவாக நிற்பதால், டிஷ்ஷின் நடுக்கதிரை விட்டுவிட்டு ஓரக்கதிரைப் பிடித்திருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. ஒரு பக்கத்தை அசைக்காமல் வைத்து, மறுபக்கத்தை இடமிருந்து வலம் மெதுவாக முழுசாகத் திருப்புங்கள். முதலில் ஏறும் இடத்தில் நின்றுவிடாதீர்கள். அது இறங்கி மறுபடி இன்னும் மேலே ஏறும். அதன்பின் மேல்-கீழ்.

கேள்வி: எங்கள் படுகைக்கு வெள்ளம் வந்தால் முதலில் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். சோலாரில் ஓட்ட என்ன வேண்டும்?
– ஒரு வாசகி, நாதல்படுகை

பதில்: இரண்டு ரேடியோ, ஒரு சுவிட்ச், ஒரு வைஃபை பெட்டி சேர்த்து 25 வாட் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 600 வாட்-மணி. இரண்டு நாள் வெயிலே இல்லாமல் தாங்க 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று போதும். கடைக்காரர் 200 வாட் பேனல் போதும் என்பார். சித்திரையில் போதும், ஐப்பசி, கார்த்திகையில் நல்ல வெயில் இரண்டரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அதற்கு 330 வாட் வேண்டும், பேனலின் சக்தியை முழுசாக வாங்கிக்கொள்ளும் எம்பிபிடி கண்ட்ரோலருடன். பேட்டரிப் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது உங்கள் வீட்டுச் சுவரில் நீர் நின்ற கறை இருந்தால், அதற்கு ஒரு மீட்டர் மேலே பெட்டியின் அடி இருக்கட்டும்.

கம்பத்துக்கு மூன்று திசையில், இரண்டு மட்டத்தில் ஸ்டே கம்பி (இழுத்துக் கட்டும் கம்பி). வண்டலில் முளை அடித்தால் ஒரு மழைக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். கான்கிரீட் கட்டையை ஒரு மீட்டர் ஆழத்தில் படுக்கப் புதைத்து அதில் கட்டுங்கள். கேபிள் சுத்தச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவு, ஆனால் 40 மீட்டர் போவதற்குள் வோல்டேஜ் விழுந்து ரேடியோ அடிக்கடி தானாக அணைந்து எழும். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு தொங்கல் விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இடிதாங்கி எர்த்தும் கேபிளின் எர்த்தும் தனித்தனியாக இருந்தால் இடி விழும்போது ரேடியோ வழியாகத்தான் இரண்டும் சேரும், வெளியிலேயே இணைத்துவிடுங்கள்.

கேள்வி: திட்டில் நெட் விற்க லைசென்ஸ் வேண்டுமா?
– ஒரு வாசகர், ஆச்சாள்புரம்

பதில்: இணைப்பை நீங்களே உங்கள் பெயரில் விற்க, வேண்டும். லைசென்ஸ் உள்ள நிறுவனத்தின் ஃபிரான்சைஸியாக நடத்துவது சுலபம். வைஃபை மட்டும் கொடுப்பதென்றால், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் டீக்கடை, மளிகைக்கடைகூட லைசென்ஸ் இல்லாமல் செய்யலாம். ஊராட்சி அலுவலகத்தில் தமிழ்நாடு அரசின் டான்ஃபிநெட் கண்ணாடி இழை (ஃபைபர்) வந்து சேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கரையில் டிஷ்ஷை எங்கே நிறுத்துவது என்பதற்கு அதுவே பதிலாகவும் இருக்கலாம்.