மின்சார சைக்கிளில் முதுகு வலிக்காமல், சாமானும் ஏற்றிப் போக என்னென்ன மாற்றலாம்?

முதலில் காசு செலவழிக்காமல் சீட் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மோட்டார் இழுக்கிறதே என்று சீட்டைத் தாழ்த்தி ஓட்டுபவர்கள் நிறைய. முழங்கால் வலி அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம் ஹேண்டில்பார். உயர்த்தினால் முதுகு நிமிரும். ஆனால் பல வண்டிகளில் பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் ஒயரும் லீவரிலிருந்துதான் வருகிறது. உயர்த்தியபின் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

சாமானை முதுகில் சுமக்காதீர்கள். பின் கேரியரின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் பைகள்தான் நல்லது. பாரம் கீழே இருந்தால் வண்டி ஆடாது. பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கக் கூடாது. கேரியரில் பொறித்திருக்கும் எடை அளவை மீறாதீர்கள், பல கேரியர்களுக்கு அது 25 கிலோதான். பேட்டரியே கேரியரில் இருந்தால், அல்லது மோட்டார் பின்சக்கரத்தில் இருந்தால், பின்பக்கம் ஏற்கெனவே கனம். அப்போது கொஞ்சத்தை முன்கூடைக்கு மாற்றுங்கள்.

பை மாட்டுவதற்காகப் பேட்டரிப் பெட்டியில் மட்டும் துளை போடவே வேண்டாம். உள்ளே இருக்கும் லித்தியம் செல்லில் குத்தினால் தீப்பிடிக்கும்.